லேடீஸ் டப்பாவுக்கு அடுத்த டப்பா

மரியசூசைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று தாராவியில் அவர் குடியிருக்கும் சந்து முழுக்கச் சொல்லும். சொல்பவர்களுக்கு என்ன தெரியும்? ஒன்றரை மாதமாக அந்த மனுஷன் வாரத்துக்கு ஆறு பொய் சொல்லிக்கொண்டிருந்தார். காலை ஏழு மணிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கட்டம் போட்ட சட்டையை மாட்டி, மஞ்சள் துணிப்பையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டு, "ஏளா கிளாரா, நான் பூசைக்குப் போயிட்டு வாரேன்" என்பார். கிளாராவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே பிடித்துத் தள்ளினால்தான் போகிற ஆள், இப்போது தினமும் ஏழரைப் பூசைக்குப் போகிறார் என்றால் சும்மாவா? பால்வாடியில் கூட வேலை பார்க்கும் டீச்சர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மனுஷன் போனது கோயிலுக்கு இல்லை, சயான் ஸ்டேஷனுக்கு. மகள் அனிஷாவுக்குத் தெரியாமல் அவளைப் பின்தொடர்வதற்கு.

கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அவர்மேல் கோபம் கொஞ்சம் குறையும். அனிஷா இரண்டாவது முயற்சியில் நீட் பாஸ் பண்ணி, பைகுல்லாவில் அரசாங்க மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினாள். அந்தச் சந்திலிருந்து முதல் டாக்டர். ரிசல்ட் வந்த அன்று பட்டாசு வெடித்து, அந்தப் புகையில் பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாளுக்கு இருமல் வந்து, இன்னும் கல்லூரியில் காலே வைக்காத அனிஷாவிடம் வந்து "மருந்து சொல்லுட்டி" என்று நின்றாள். வகுப்பு தொடங்கியதும் சீனியர் ஒருத்தியிடமிருந்து ஒரு பெட்டி நிறைய மனித எலும்பு வாங்கி வந்தாள் அனிஷா. கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கிளாரா முதலில் அதன்மேல் தீர்த்தம் தெளித்தாள். அப்புறம் மனசு கேட்காமல், நவம்பர் மாதம் இறந்தவர்களுக்காகக் கோயிலில் பெயர் எழுதிக் கொடுப்பார்களே, அதில் தன் மாமனார் மாமியார் பெயருக்குக் கீழே 'எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருப்பவர்' என்று எழுதிக் கொடுத்தாள். ஃபாதர் அதைப் பீடத்திலிருந்து அப்படியே வாசித்தும்விட்டார்.

மரியசூசைக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூல் பேக் தைக்கும் பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். பட்டறை திறப்பது பத்து மணிக்கு. ஆகவே முதல் பத்து நாளும் மகளைக் கூட்டிக்கொண்டு போய், ரயிலேற்றி, இறக்கி, கல்லூரிக்குள்ளே உடலறுக்கும் கூடத்தின் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். விட்டதோடு நின்றாரா? அங்கேயே ஒரு ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பார். பத்தாம் நாள், அவரைப் புதிதாகச் சேர்ந்த அட்டெண்டர் என்று நினைத்து ஒரு டாக்டர், "அந்த டிராலியைக் கொஞ்சம் தள்ளு" என்றார். மரியசூசையும் தள்ளினார். மரியாதையாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட நூறு பிள்ளைகளுக்கு நடுவில் அனிஷா.

அன்று சாயங்காலம் வீட்டில் பூகம்பம்.

"போதும், அப்பா! போதும்! நாளையிலிருந்து நான் தனியா போறேன், தனியா வாறேன். எனக்குப் பத்தொன்பது வயசு. என் கிளாஸ்ல நாந்தூர்னு எங்கயோ இருந்து வந்த புள்ள தனியா ரூம் எடுத்து இருக்கா."

"ஏட்டி, ஊரு உலகம் கெட்டுக் கெடக்கு..."

"கெடந்துட்டுப் போவட்டும். இன்னொரு நாள் என் பின்னால உங்களைப் பாத்தேன்னா, நான் அந்த ரூமுக்கே போயிருவேன். மூணு பேரு இருக்காங்க, நாலாவது ஆளுக்கு இடம் இருக்கு. காலேஜுக்கு அடுத்த தெரு. சத்தியமா போயிருவேன்."

அனிஷா சும்மா மிரட்டுகிற பெண் இல்லை. ஏழாம் வகுப்பில், இனிமேல் கத்தரிக்காய் சாப்பிட மாட்டேன் என்றாள். இன்றுவரை தொடவில்லை. மரியசூசைக்கு அவள் ஒரே பிள்ளை. பட்டறையில் நாள் முழுக்க ரெக்சினை வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்த ஒற்றை அறையில் தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு தொடை எலும்பை வைத்துக்கொண்டு, வாய்க்குள்ளே மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கும் அந்த முகம் இல்லையென்றால், அது என்ன வீடு? மாதா படத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் பின்னால் வர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஒரே ஒரு நாள் காப்பாற்றினார். அந்த ஒரு நாளில் பட்டறையில் எட்டு பேக்கைத் தப்பாக வெட்டினார். மறுநாள் காலையில் கிளாராவிடம் பூசை என்றார், போய்விட்டார்.

அவருக்குத் தாராவியைப் பற்றிப் பயமே கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. வெளியாட்கள் தாராவி என்றதும் முகத்தைச் சுளிக்கிறார்கள் அல்லவா, அவருக்குச் சிரிப்பாக வரும். அவர் சந்துக்குள் ஒரு புது முகம் நுழைந்தால், குழாயடியைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் "யாரு வீட்டுக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். கறாராகக் கேட்பார்கள், தமிழிலேயே கேட்பார்கள். கூரியர்காரனாக இருந்தாலும் போலீஸாகவே இருந்தாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். பூட்டும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். மரியசூசைக்குப் பயமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாத இடங்களைப் பற்றித்தான். மாட்டுங்காவில் இரண்டு பக்கமும் மரம் வைத்த பெரிய பெரிய தெருக்கள், எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பைகுல்லாவில் ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்குப் பத்து நிமிஷ நடை, ஆயிரம் பேர் போகிறார்கள், ஒருத்தன்கூட ஒருத்தனைப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு பெண்பிள்ளை தனியாக நடப்பதா?

அதனால் பின்தொடர்வதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஏழு நாற்பத்திரண்டு ஸ்லோ வண்டி. அனிஷா லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், ஏறுவாள். அவர் அதற்கு அடுத்த பொது டப்பாவில், கடைசி நொடியில் தாவி, வாசலிலேயே தொங்கிக்கொள்வார். உள்ளே போனால் பைகுல்லாவில் இறங்க முடியாது, அவள் இறங்குவதும் தெரியாது. ஒரு கையால் கம்பி, மறு கையில் மஞ்சள் பை, பாதி உடம்பு வெளியே. அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்காவில் அனிஷாவின் சிநேகிதி மானசா ஏறுவாள். இருவரும் பைகுல்லாவில் இறங்கி, கதை பேசிக்கொண்டு நடப்பார்கள். மரியசூசை ஒரு தூண், இன்னொரு தூண், ஒரு டீக்கடை, ஒரு லாரி என்று மறைந்து மறைந்து போய், கல்லூரி கேட்டுக்குள் அவள் நுழைவதைப் பார்த்துவிட்டு, திரும்பி வண்டியேறிப் பட்டறைக்கு வந்து சேர்வார். மனுஷன் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே உயிர் வாழ்ந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நிற்பார். "வாக்கு மீறிட்டேன் சாமி. பெஞ்சாதிகிட்டப் பொய் சொல்லிட்டேன் சாமி." ஃபாதர் பாவம் பொறுப்பார். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அதே பாவம். ஆறாவது வாரம் ஃபாதருக்கே பொறுமை போய்விட்டது.

"ஏம்ப்பா, பூசைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வெளிய போறியே, ஒரு நாளாவது பூசைக்கு வந்துரக் கூடாதா?"

"வரணும் சாமி. ஆனா வண்டி ஏழு நாப்பத்திரண்டுக்கு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அந்தச் செய்தி வந்தது. பத்து இருபது வீடுகள் சேர்ந்து ஜெபமாலை சொல்கிற அன்பியம் என்று சந்தில் ஒன்று உண்டு. அதற்கு வாட்ஸப் குரூப்பும் உண்டு. ஏஞ்சலம்மாள்தான் அட்மின். எங்கிருந்தோ இங்கிலீஷில் ஒரு செய்தி பல கை மாறி அவளுக்கு வந்திருக்கிறது. பேரனிடம் அர்த்தம் கேட்டு, தன் கணீர்க் குரலில் தமிழில் பேசி அனுப்பிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டு நேரம். கிளாரா போனைத் தட்டின் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. மாட்டுங்கால இருந்து பைகுல்லா போற வண்டில டாக்டருக்குப் படிக்கிற பொம்பளப் புள்ளைகளை ஒருத்தன் பின்னாலயே போறானாம். அம்பது வயசுக்கு மேல இருக்குமாம். பெரிய மீசையாம். கட்டம் போட்ட சட்டை, கையில ஒரு மஞ்சப் பை. தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்கானாம். ஆளே கொலைகாரன் மாதிரி இருப்பானாம். அனிஷாம்மா, நீ பாத்துப் போ தாயி."

கேட்கிற நமக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மரியசூசைக்கு விளங்கினால்தானே! அவர் தன்னைக் காவல்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், கொலைகாரன் என்று சொன்னால் எப்படிப் பொருந்தும்? சோற்றை வாயில் வைத்தபடி உறைந்து போனார்.

"பாத்தியா கிளாரா! நான் அன்னைக்கே சொன்னேன்லா! ஊரு கெட்டுக் கெடக்குன்னு!"

"மஞ்சப் பை வச்சிருக்கவன் எல்லாம் திருடனா? உங்ககிட்டகூடத்தான் ஒண்ணு இருக்கு" என்றாள் கிளாரா, ரசம் ஊற்றிக்கொண்டே.

அனிஷா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். அந்த வாரமே அவள் கொஞ்சம் வாடித்தான் இருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தப் படுபாவிக்குப் பயந்துதான் இப்படி இருக்கிறாள் என்று மரியசூசை முடிவு கட்டிவிட்டார். மறுநாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த மஞ்சள் பைக்காரனைத் தேடினார். வண்டி முழுக்கத் தேடினார். தன் பை தன் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

மஞ்சள் பை அகப்படவில்லை. வேறொருத்தர் அகப்பட்டார். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர், வெள்ளை வெளேர் என்ற சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, கக்கத்தில் குடை. மாட்டுங்காவில் மரியசூசை தொங்கும் அதே டப்பாவில்தான் ஏறுகிறார். பைகுல்லாவில் இறங்குகிறார். அனிஷாவும் மானசாவும் நின்றால் நிற்கிறார், நடந்தால் நடக்கிறார். செருப்புக் கடைக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்வது போலப் பார்க்கிறார். மரியசூசை இதை வியாழக்கிழமை பார்த்தார், வெள்ளிக்கிழமை பார்த்தார், சனிக்கிழமை பார்த்தார், திங்கட்கிழமையும் பார்த்தார். அதில் ஒரு நாள் அந்த மனிதர் கூட்டத்தில் ஏற முடியாமல் தத்தளித்தபோது, மரியசூசையே கையைக் கொடுத்துத் தூக்கி ஏற்றிவிட்டிருக்கிறார்! அதை நினைத்து அவருக்கு உடம்பு எரிந்தது.

திங்கட்கிழமை ராத்திரி அன்பியம் குரூப்பில் அவரே பேசி அனுப்பினார். "மஞ்சப் பைக்காரன் மட்டும் இல்ல, இன்னொருத்தனும் உண்டு. பாத்தா பெரிய மனுசன் மாதிரி வெள்ளச் சட்டை. நவம்பர் மாசத்துல குடை வச்சிருக்கான். மழை எங்க பெய்யுது? உசாரா இருங்க."

செவ்வாய்க்கிழமை காலை. பைகுல்லா ஸ்டேஷன் நடைமேம்பாலம். முன்னால் இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நடுவில் குடைக்காரர். பின்னால் மரியசூசை. அன்றைக்கென்று குடைக்காரர் வேகத்தைக் கூட்டி, பெண்களுக்கு ஐந்தடி பின்னால் வரைக்கும் போய்விட்டார். மரியசூசைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நாலே எட்டில் தாவி, அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்ததும் வாயில் வந்தது, முப்பது வருஷமாகச் சந்தில் கேட்டுப் பழகிய அந்தக் கேள்விதான்.

"யாரு வீட்டுக்கு வே?"

மும்பையில், காலை எட்டு மணிக்கு, ரயில் மேம்பாலத்தில் ஒருவரைப் பிடித்து நிறுத்தி, அதுவும் தமிழில், யார் வீட்டுக்கு என்று கேட்டால் அவர் என்னதான் சொல்வார்? குடைக்காரர் திரும்பினார். மீசையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய்விட்டது.

"அய்யோ! நீரா? மஞ்சப்பை! போலீஸ்! போலீஸ்!" என்று தமிழிலேயே அலறிக் குடையை ஓங்கினார்.

"என்னைப் பிடிக்கவா போலீஸைக் கூப்பிடுதீரு? நீரு பொம்பளப் புள்ள பின்னால போயிட்டு என்னைப் பிடிக்கப் போலீஸா?"

"விடும் கையை! கொலைகாரா!"

குடை ஒரு தரம் இறங்கி மரியசூசையின் தோளில் பட்டது. வலிக்கவில்லை, ஆனால் மானம் போனது. பாலத்தில் கூட்டம் கட்டிவிட்டது. எப்போதும் யாரும் யாரையும் பார்க்காத ஊர், இப்போது பார்த்தால் நூறு பேர் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். ரயில்வே போலீஸ் ஸ்மிதா, முப்பது வயதிருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு பேர் காலரையும் ஒவ்வொரு கையில் பிடித்தாள். "சலா, தோகேஹீ சலா!" என்று, இரண்டு பேரும் நடங்கள் என மராத்தியில் அதட்டி, தள்ளிக்கொண்டு போனாள்.

இரைச்சலைக் கேட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா?" என்றாள் அனிஷா.

"அப்பா?" என்றாள் மானசா.

மரியசூசைக்கு அந்த நேரத்தில் ஸ்மிதா லாக்கப்பில் போட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. போச்சு. எல்லாம் போச்சு. மாதா படத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு, காலேஜுக்கு அடுத்த தெருவில் காலியாக இருக்கிற அந்த நாலாவது இடம், எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஸ்டேஷனிலேயே இருந்த சின்ன அறையில் ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு அப்பாக்களையும் உட்காரவைத்தாள் ஸ்மிதா. பெண்கள் சுவரோரம் நின்றார்கள். குடைக்காரரின் பெயர் சங்கரன். மாட்டுங்காவில் பூர்வீகமாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிடையர் ஆனவர். அவரும் மகளிடம் பின்னால் வர மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்தானாம். வீட்டில் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாராம்.

"நான் பொய் சொல்லலை, கேட்டேளா. இதோ ப்ரூஃப் இருக்காக்கும்" என்று சங்கரன் தன் போனை எடுத்து மேசையில் வைத்தார். மாட்டுங்கா மூத்த குடிமக்கள் குரூப்பில் அவரே இங்கிலீஷில் எழுதிய செய்தி. பெரிய மீசை, கட்டம் போட்ட சட்டை, மஞ்சள் பை என்று தமிழிலும் சொல்லிக் காட்டினார்.

ஸ்மிதா அதைப் படித்தாள். மரியசூசையைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"அது... அது நானா?" என்றார் மரியசூசை. இப்போதுதான் விளங்கியது. "நான் அவனைத்தான மேடம் ஒரு வாரமா தேடிக்கிட்டு இருக்கேன்!"

பிறகு தன் பங்குக்கு அவரும் போனை எடுத்துக் குரலை ஓடவிட்டார். மழை எங்க பெய்யுது என்ற இடம் வந்ததும் மானசா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஸ்மிதாவுக்கு இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, ஸ்மிதா முதலில் உதட்டைக் கடித்தாள், அப்புறம் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள், அப்புறம் தலையையே மேசையில் வைத்துவிட்டாள். தோள் குலுங்கியது. வெளியே நின்ற கான்ஸ்டபிள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து பார்த்தார்.

"நீங்க தாராவியா? தாராவியிலேர்ந்து ஒருத்தர் மாட்டுங்காவைப் பார்த்துப் பயப்படறதா?" என்றார் சங்கரன், நம்ப முடியாமல்.

"பின்ன? உங்க தெருவுல யாரையாவது யாராவது என்னன்னு கேப்பாங்களா?" என்றார் மரியசூசை.

சங்கரன் யோசித்துப் பார்த்து, "இல்லை, கேக்க மாட்டா" என்று ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அனிஷா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்மிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்து, "பேட்டா, கம்ப்ளெயின்ட் எழுதவா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். அதற்கும் அவள் முகம் மாறவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எந்த டப்பாவுல வந்திய?"

"அது... உன் டப்பாவுக்கு அடுத்த டப்பா."

"உள்ளயா, வாசல்லயா?"

மரியசூசைக்குக் கேள்வி புரியவில்லை. வாக்கு மீறியதைக் கேட்பாள், பொய்யைக் கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். "வாசல்லதான். அங்கன நின்னாத்தான மக்கா நீ இறங்குறது தெரியும்."

"தினமுமா? ஒரு கையில பை வச்சிக்கிட்டு? ஒன்றரை மாசமா?"

அவர் தலையாட்டினார்.

"போன செவ்வாய்க்கிழமை எங்களைக் காஷுவால்ட்டியைப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்கப்பா. ஒரு ஆளை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. வாசல்ல தொங்கிட்டு வந்து கம்பத்துல அடிபட்டு விழுந்தவரு. உங்க வயசு. கட்டம் போட்ட சட்டை. முகமெல்லாம் ரத்தம், அடையாளம் தெரியல. துடைக்கிற வரைக்கும் எனக்கு உசிரு இல்ல. அப்புறம் நானே என்னைத் தேத்திக்கிட்டேன். எங்க அப்பா வீட்டுல இருக்காரு, பூசைக்குப் போயிருப்பாரு, அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிச் சொல்லித் தேத்திக்கிட்டேன். அந்த ஆளு பொழைச்சிக்கிட்டாரு. டிபன் பாக்ஸ் எங்கன்னு கேட்டாரு. ஆனா ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல. அதே நேரத்துல நீங்க... அடுத்த டப்பாவுல... அதே மாதிரி..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதுவிட்டாள். பத்தொன்பது வயது, வெள்ளைக் கோட்டு, அது பாட்டுக்கு அழுகிறது.

"யாருப்பா விழுறாங்க? லேடீஸ் டப்பாவுல உக்காந்து போற நாங்களா? உங்க வயசு ஆம்பிளைங்கதான் விழுறாங்க. நீங்க எனக்குக் காவலா? உங்களுக்கு யாரு காவல்?"

சங்கரன் குடையை மடியில் வைத்துக்கொண்டு மகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். மானசா அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். அவரும் அதே வாசலில்தானே வந்தவர்.

மரியசூசை இத்தனை நாளும் ஆபத்து அவளைத் தேடி வருகிறது என்று துரத்திக்கொண்டிருந்தார். அவள் பயந்தது இவருக்காக. அது அவருக்குச் சந்தோஷமாக இருந்ததா, வெட்கமாக இருந்ததா என்று கேட்டால் இரண்டும்தான், சந்தோஷம் கொஞ்சம் கூடுதல்.

"அப்போ... நீ அந்த ரூமுக்குப் போயிருவியா மக்கா?"

அனிஷா கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தாள். "நான் போயிட்டா நீங்க நேரா வண்டிக் கூரையில ஏறி வருவிய. நான் எங்கயும் போகல. வீட்டுலதான் இருப்பேன். ஆனா நாளையில இருந்து நீங்க வரக் கூடாது. எதுக்காக வண்டி ஏறுனாலும் வாசல்ல நிக்கக் கூடாது. இது மாதாவுக்குக் குடுக்கிற வாக்கு இல்ல, எனக்குக் குடுக்கிற வாக்கு."

"குடுத்தேன்" என்றார் மரியசூசை. இந்தத் தடவை மீறுவதற்கு அவருக்குத் தைரியமில்லை. மாதா மன்னித்துவிடுவாள், இவள் மன்னிக்க மாட்டாள்.

ஸ்மிதா இருவரையும் எச்சரித்து அனுப்பினாள். எச்சரிக்கும்போதே அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டதால் அது அவ்வளவு எடுபடவில்லை. மணி எட்டே முக்கால். முதல் வகுப்பு தொடங்கிவிட்டது. மானசா முன்னால் ஓடினாள், "சார்கிட்டச் சொல்லி வைக்கறேன்" என்று. அனிஷா அப்பாவை நம்பி அனுப்பத் தயாராக இல்லை. தாதர் பக்கம் போகும் பிளாட்பாரத்துக்கு இரண்டு பேரையும் தானே கூட்டிக்கொண்டு வந்தாள். நடைபாதை முழுக்க அவள் கை அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்தது.

காலையில் அந்தத் திசையில் போகும் வண்டியில் கூட்டமே கிடையாது. வண்டி வந்து நின்றது. டப்பா பாதி காலி. சங்கரன் சமர்த்தாக உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். மரியசூசை ஏறினார், ஏறிய கால் பழக்கத்தில் வாசலிலேயே நின்றுவிட்டது. கை கம்பியைப் பிடித்துவிட்டது. மகளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே போகலாம் என்று திரும்பி நின்று சிரித்தார்.

"அப்பா! உள்ள போங்க!"

பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர், அவள் வகுப்பில் படிக்கிறவர்கள்தான், வாயைப் பிளந்து நின்றார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தாராவிக் குழாயடியில் கத்துகிற அதே குரலில் கத்தினாள்.

"உள்ள போங்கன்னு சொல்லுதேன்லா! இன்னும் உள்ள! இன்னும்! சீட்டு காலியா கெடக்கு, கண்ணு தெரியலயா? உக்காருங்க! உக்காருங்கன்னா!"

மரியசூசை பின்பக்கமாகவே நடந்து, சங்கரனின் காலை மிதித்து, உட்கார்ந்தார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் கம்பி வழியாக, உட்கார்ந்துவிட்டேன் என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் அனிஷா சிரித்தாள், ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. சிரித்துவிட்டு, கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினாள். பின்னால் யாரும் வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"போ மக்கா, போ" என்றார் மரியசூசை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது.

"மாட்டுங்காவில் இறங்கி ஒரு காப்பி குடிச்சுட்டுப் போகலாமா?" என்றார் சங்கரன்.

"போலாம். ஆனா வண்டி முழுசா நின்ன பெறவுதான் எந்திரிக்கணும்" என்றார் மரியசூசை.